வானத்துக்குக் கிழமை தெரியாது

செய்தி வந்தபோது நான் என் பெருமையைப் பேசப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கல்லூரியில் அழைத்திருந்தார்கள். ஆய்வில் நேர்மை என்பது தலைப்பு. ‘தன் பிழையைத் தானே கண்டுபிடித்து ஊரறியச் சொன்னவர்’ என்று அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே அச்சடித்திருந்தார்கள். சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. பேசியது கில்பர்ட், அருளப்பண்ணனின் தம்பி.

“தாயி, அண்ணன் போயிட்டாக.”

எப்படி என்று கேட்டேன்.

“காலைல எக்கோ சவுண்டர் ரிப்பேருன்னு படகுல ஏறுனாக. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நின்னாக. உக்காருண்ணே, உக்காருண்ணேங்கிறோம், கேட்டாத்தான? நின்னமேனிக்கே சாஞ்சுட்டாக.” யாரோ கைபேசியை வாங்கி, அடக்கம் நாளைக்குச் சாயங்காலம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

நான் கல்லூரிக்குப் போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. மறுநாள் அடக்கத்துக்கும் போகவில்லை. பஸ் இருந்தது, ரயில் இருந்தது, போக முகம்தான் இல்லை.

இதைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் தங்கச்சிமடத்தில் எங்கள் காற்றாய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர்கள், வந்துபோனவர்கள், அல்லது அந்தக் கரையில் படகு வைத்திருப்பவர்கள். உங்களுக்கு அருளப்பண்ணனைத் தெரியும். எனக்குப் பெயர் வாங்கித் தந்த அந்தப் பிழைத்திருத்தமும் தெரிந்திருக்கும். அந்தப் பிழையைக் கண்டுபிடித்தது நான் அல்ல. அவர். இதைக் கடைசியில் வைத்து எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கடைசிவரை போனால் மறுபடியும் நழுவிவிடுவேனோ என்று பயந்து இங்கேயே எழுதிவிட்டேன். இனி அவரைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் சிக்கல் ஊர்க்காரி. வானம் பார்த்த பூமியில், மிளகாய்க் காட்டில் பிறந்தவள். பௌதிகம் படித்து முடித்து நிலையத்தில் சேர வந்த முதல் நாள், நீலப் பெயின்ட் அடித்த இரும்பு கன்டெய்னர் ஒன்று கடலைப் பார்த்து நின்றது. அதன் கூரையில் ஓர் ஆள் ஏறி நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். கீழே நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்றில் மட்டும் ஸ்க்ரூ டிரைவர் பெட்டி உட்கார்ந்திருந்தது.

“மேடமா? எந்த ஊரு?” என்றார் மேலிருந்தபடியே.

“சிக்கல்.”

“சிக்கலா! அப்ப நீங்க ஆகாசத்தையே பாத்து வளந்த ஆளுக. வாங்க, வாங்க. இங்கன நாங்க கடலப் பாத்து வளந்தவுக. ரெண்டு பேரும் சேந்து காத்தப் பாப்போம்.”

என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். மீன்பிடிக் குடும்பம். பரமக்குடியில் தங்கி ஐ.டி.ஐ. படித்தவர். நிலையத்தில் தற்காலிக டெக்னீசியன். ‘தற்காலிகம்’ என்ற அந்தச் சொல் அவருடைய சம்பளச் சீட்டில் பல வருடங்களாக நிரந்தரமாக இருந்தது. ஒரு வாரத்தில் அவர் எனக்கு அருளப்பண்ணன் ஆனார், நான் அவருக்குத் தாயி ஆனேன். வெளியாட்கள் முன்னால் மட்டும் மேடம்.

அந்த மனுஷனை உட்கார வைக்க முடியாது. சோறு தின்பதுகூட வாசலில் நின்றபடிதான். கேட்டால், “உக்காந்தா உப்புப் புடிக்கும்” என்பார். கண்ணாடிக்குச் சொல்கிறாரா தனக்குச் சொல்கிறாரா என்று தெரியாது. கடற்காற்றில் மணிக்கு ஒரு தரம், கருவியின் ஒளி போகும் அந்தக் கூரைக் கண்ணாடியில் உப்புப் படலம் ஏறும். அவர் காய்ச்சி வடித்த நீரும் பருத்தித் துணியுமாக ஏறுவார், இறங்குவார். நான் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பேன். தலைக்கு மேலே அவர் காலடி கேட்டுக்கொண்டே இருக்கும். எரிச்சலாக வரும். “அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கமாட்டீகளா?” என்று கத்தியிருக்கிறேன். இருக்கமாட்டார்.

எங்கள் கருவியின் பெயர் லைடார். அவர் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர் சொன்ன விதத்திலேயே சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில், கன்டெய்னர் கூரையிலிருந்து வானத்துக்குப் போகும் பச்சை லேசர் கோட்டைப் பார்த்துவிட்டுக் கரையில் ஒரே புகைச்சல். மீன் கலைகிறது என்றார்கள். வேறு நாட்டுக்குச் சைகை காட்டுகிறார்கள் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் போட்டுவிட்டார்கள். நான் இங்கிலீஷும் தமிழும் கலந்து மூலக்கூறு, சிதறல் என்று என்னவோ உளறினேன். ஒருத்தருக்கும் புரியவில்லை. அருளப்பண்ணன் நடுவில் வந்து நின்றார்.

“ஏலே, ஒங்க படகுல எக்கோ சவுண்டர் இருக்குல்ல? அது என்ன செய்யுது? தண்ணிக்குள்ள ஒரு சத்தத்த விட்டு, அது திரும்பி வார நேரத்த வச்சு, இத்தன பாகம் ஆழத்துல மீன் நிக்கிதுன்னு சொல்லுது. இது அதேதான், மேல பாக்குது, அம்புட்டுத்தான். சத்தத்துக்குப் பதிலா வெளிச்சம். மீனுக்குப் பதிலா காத்துல இருக்க ஈரம். எந்த ஒசரத்துல எம்புட்டு ஈரம் இருக்கு, காத்து எங்கன கலங்குது, எங்கன சும்மா கெடக்கு, அதச் சொல்லும்.”

“அதத் தெரிஞ்சு என்ன செய்யப்போறீக?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“தெரிஞ்சா, மழை சொல்றவன் கொஞ்சம் கம்மியாப் பொய் சொல்லுவான்.”

கூட்டம் சிரித்துக் கலைந்தது. அதற்குப் பிறகு புகார் வரவில்லை. நான் இன்றுவரை மாணவர்களுக்கு லைடாரை இப்படித்தான் விளக்குகிறேன். அதற்கும் அவர் பெயரைச் சொல்வதில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சிக்கலிலிருந்து அம்மா ஒரு சாக்கு குண்டு மிளகாய் அனுப்பியிருந்தாள். லேசாக ஈரம் பட்டிருந்தது. வெயில் நன்றாக இருக்கிறதே என்று கன்டெய்னர் கூரையில் கொட்டிக் காயவைத்துவிட்டேன். மதியம் காற்று திரும்பியது. அருளப்பண்ணன் ஏறிப் பார்த்தவர் அங்கேயே நின்று தும்மத் தொடங்கினார். தும்மல், வசவு, தும்மல். “ஏந்தாயி, லேசருக்கு ரசம் வைக்கப் போறீகளா?” கண்ணாடி முழுக்க மிளகாய்த் தூசி. அன்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் மூக்கைச் சீந்திக்கொண்டே துடைத்தோம். அந்த மிளகாயைச் செல்வராணி மதினி, அவர் மனைவி, அரைத்து நண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டார். அப்படி ஒரு குழம்பை நான் பிறகு சாப்பிட்டதில்லை.

இனி அந்த அலை.

பகல் வெளிச்சத்தில் நீராவி திருப்பி அனுப்பும் ஒளி மங்கிக் காணாமல் போய்விடும். அதனால் எங்கள் அளவெடுப்பு விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம். இரண்டு கண்கள் உண்டு. ஒன்று நீராவியிலிருந்து வரும் ஒளியை எண்ணும், மற்றது நைட்ரஜனிலிருந்து வருவதை எண்ணும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் காற்றின் ஈரம். லேசர் மங்கினாலும் கண்ணாடியில் உப்புப் பிடித்தாலும் இரண்டும் சேர்ந்து மங்கும், வகுக்கும்போது சரியாகிவிடும். அவ்வளவு பத்திரமான முறை. அந்தப் பத்திரத்தை நம்பித்தான் நான் கெட்டேன்.

யு.பி.எஸ்.ஸில் போதுமான திறன் இல்லை. நைட்ரஜன் கண்ணுக்கான மின்பெட்டியை அதில் மாட்டச் சொல்லிவிட்டு, நீராவிப் பெட்டியைப் பழைய ஸ்டெபிலைசரில் மாட்டச் சொன்னேன். அருளப்பண்ணன் தலையைச் சொறிந்தார். “ரெண்டும் ஒரே தண்ணி குடிக்கட்டும் தாயி” என்றார். நான் கேட்கவில்லை. புது யு.பி.எஸ். வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அது வரவே இல்லை.

ஆறு மாதத் தரவைச் சேர்த்துப் படம் வரைந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடலோரக் காற்றின் ஈரம் ஏறி இறங்கியது. ஒருநாள் நிறைந்திருக்கும், அடுத்த நாள் வறண்டிருக்கும், மறுபடி நிறையும். வறளும் நாளில் காற்று கலங்கியும் இருந்தது. மேலிருந்து வறண்ட காற்று இறங்கி வந்து கீழ்க்காற்றைக் கலக்குகிறது, பாக் ஜலசந்தியின் மேல் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை ஓர் அலை கடந்துபோகிறது என்று விளக்கம் எழுதினேன். அழகான விளக்கம். வியாழக்கிழமைதோறும் பலூன் விட்டுச் சரிபார்ப்போம், அதோடும் அச்சாகப் பொருந்தியது. பலூனுக்கான வாயு சிலிண்டர் புதன்கிழமைதான் மதுரையிலிருந்து லாரியில் வரும், அதனால்தான் வியாழன். வேறு கிழமையில் ஒருநாளாவது பலூன் விட்டுப் பார்த்திருக்கலாம். தோன்றவில்லையே!

கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இயக்குநர் தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டினார். நிலையத்தை இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கலாமா என்று பார்க்க ஆய்வுக்குழு வருகிறது, இந்த அலை ஒன்று போதும், தற்காலிக ஆட்களையும் நிரந்தரமாக்கிவிடலாம் என்றார். ஓடிப்போய் அருளப்பண்ணனிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். மதினி தொதல் அல்வா கிண்டிக் கொடுத்தனுப்பினார். ஊருக்குப் போனபோது என்னைப் பெற்ற அய்யாவிடமும் சொன்னேன். “அலையெல்லாம் சரி ஆத்தா, மழை எப்ப?” என்றார் அய்யா.

மூன்று வாரம் கழித்து ஒரு விடியற்காலை அருளப்பண்ணன் பிந்தி வந்தார். அவர் பிந்தி வந்து நான் பார்த்ததே இல்லை. கில்பர்ட்டின் படகுக்கு ஆள் குறைந்ததால் ஐஸ் ஏற்றிக்கொடுக்கப் போயிருந்தாராம். வந்தவர் கண்ணாடி துடைக்க ஏறவில்லை. கன்டெய்னருக்குள்ளேயே வாசலுக்கும் சுவருக்குமாக நடந்தார். என்ன என்று கேட்டேன்.

“தாயி, வானத்துக்குக் கிழமை தெரியுமா?”

“என்னண்ணே கேள்வி இது?”

“சொல்லுங்க. திங்க, செவ்வாய், புதன், இதெல்லாம் வானத்துக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“ஒங்க அலைக்குத் தெரியுதே.”

சுவரில் ஒட்டியிருந்த என் படத்துக்குப் பக்கத்தில் மாதா கோயில் காலண்டரைப் பிடித்தார். வறண்ட நாள் எல்லாம் விசைப்படகு கடலுக்குப் போகும் நாள். அந்தக் கரையின் ஏற்பாடு உங்களுக்குத் தெரியும், வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு. வியாழன் நாட்டுப்படகு நாள், அதனால்தான் பலூன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. விசைப்படகு போகும் நாளில் விடியுமுன் ஐஸ் கம்பெனியில் அத்தனை அரவை மெஷினும் ஒரே நேரத்தில் ஓடும். பாறை பாறையாக ஐஸை உடைத்துப் படகுக்கு ஏற்றுவார்கள். “மெஷின் ஓட ஓட அங்கன குண்டு பல்பு மங்குது தாயி. நம்மளும் அதே லைனுதான். நம்ம ஸ்டெபிலைசர் டக்கு டக்குனு அடிச்சுக்கிட்டுக் கெடக்கும், நானும் எத்தனையோ நாள் கேட்டுருக்கேன், கிழமையோட சேத்துக் கேக்கல. நீராவிக் கண்ணு மட்டும் மங்குது. நைட்ரஜன் கண்ணு பேட்டரில நிம்மதியா இருக்கு. வகுத்தா வறட்சி. ஸ்டெபிலைசர் அடிக்கிற அடிதான் ஒங்க கலக்கம்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அது உண்மை என்று தெரிந்துவிட்டது. ஈரம் எல்லா உயரத்திலும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தது, எந்தக் காற்றும் அப்படிக் குறையாது. மேலே இருந்த பகுதியை இரைச்சல் என்று வெட்டி எறிந்துவிட்டுத்தான் நான் படம் வரைந்தேன். ஆனாலும் வாய் கேட்குமா? “ஐஸ் உடைக்கிறதுக்கும் ஆகாசத்துக்கும் முடிச்சுப் போடாதீக!” என்று கத்தினேன். ஐ.டி.ஐ. படிப்பையும் இழுத்துப் பேசினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. “சரி, படகு போகாத வாரம் ஒண்ணு வரட்டும். பாப்போம்” என்றார்.

வந்தது. கடலில் பிடிபட்ட படகுகளை மீட்டுத் தரச்சொல்லி அந்த மாதமே வேலைநிறுத்தம். பத்து நாளுக்கு மேல் ஒரு விசைப்படகும் கிளம்பவில்லை. ஐஸ் கம்பெனி மூடிக் கிடந்தது. ஒவ்வொரு விடியலிலும் அளந்தோம். முதல் நாள் நிறைந்த காற்று. இரண்டாம் நாள் நிறைந்த காற்று. மூன்றாம் நாளும். அலை செத்துப்போயிற்று. திரையில் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தபோது கில்பர்ட் வாசலில் வந்து நின்றான். பிழைப்பில்லாமல் வெறுத்துப்போயிருந்தான். “எங்க அடுப்பு அணைஞ்சாத்தான் ஒங்க கோடு நேராகுமாக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனான். அருளப்பண்ணன் தலைகுனிந்து நின்றார். கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் ஒரு துளி இல்லை.

ஆய்வுக்குழு வர இன்னும் எட்டு நாள் இருந்தது. நான் கெஞ்சினேன். “அவுக வந்து போகட்டும்ணே. நிலையம் நீட்டிக்கட்டும். அப்புறம் சொல்லிக்கலாம். ஒங்க வேலையும் இதுலதான இருக்கு?”

“தெரியும் தாயி. தெரிஞ்சுதான் ஒங்ககிட்டச் சொன்னேன். சொல்றதும் சொல்லாததும் ஒங்க பாடு, கட்டுரை ஒங்களோடது. நானாப் போயி யார்ட்டயும் சொல்லமாட்டேன். ஆனா என்னக் கேட்டாகன்னா பொய் சொல்லமாட்டேன்.”

அந்த எட்டு நாளும் எனக்கு உறக்கமில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

குழு வந்தது. ஐந்து பேர். அலையை ரசித்தார்கள், படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவர்களில் மூத்தவர் ஒருவர் அருளப்பண்ணன் பக்கம் திரும்பி, சும்மா பேச்சுக்காக, “இங்கே கரன்ட் எப்படிப்பா?” என்று கேட்டார். அருளப்பண்ணன் என்னைப் பார்த்தார்.

“மேடம் சொல்லுவாக, சார்.”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ் கம்பெனி, கிழமை, ஸ்டெபிலைசர், வேலைநிறுத்தம், நேரான கோடு. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். ஆனால் நான் பேசிய வாக்கியம் ஒவ்வொன்றும் ‘நான்’ என்று தொடங்கியது. நான் கவனித்தேன். நான் சந்தேகப்பட்டேன். நான் சோதித்தேன். வேண்டுமென்று செய்தேனா? முதல் ‘நான்’ பதற்றத்தில் வந்தது. அடுத்தடுத்து வந்ததற்குப் பதற்றத்தைக் குறைசொல்ல முடியாது. மூத்தவர் அருகில் வந்து என் கையைக் குலுக்கினார். இப்படி ஒரு நேர்மையைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்றார். அருளப்பண்ணன் துணியை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறிவிட்டார்.

பிழைத்திருத்தக் குறிப்பு என் பெயரில் வந்தது. அலையைவிடப் பிழைக்குத்தான் பெயர் கிடைத்தது. கருவிகளை நம்பாதே என்பதற்கு உதாரணமாகப் பல இடங்களில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நிலையத்தை மூடுவது என்று முடிவாயிற்று. மின்சாரம் ஒழுங்காக இருக்கும் மலைப்பக்கத்துக்கு லைடாரைக் கொண்டுபோகச் சொன்னார்கள். எனக்குப் பதவி உயர்வோடு மாற்றல்.

இனி எழுதப்போவது அருளப்பண்ணனுக்கே தெரியாது.

இயக்குநர் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். புது இடத்தில் ஒரே ஒரு நிரந்தர டெக்னீசியன் இடம் இருக்கிறது என்றார். “அந்த அருளப்பன் எப்படிம்மா? கண்ணாடி துடைக்கிற ஆள்தானா, இல்லை கருவி தெரிந்த ஆளா? ஏதாவது கண்டுபிடிக்கிற மூளை உண்டா?” கேட்டது இதே வார்த்தைகளில். அலையை உடைத்ததே அவர்தான் என்று அந்த நேரத்தில் சொல்லியிருந்தால், குழுவிடம் ஏன் அப்படிச் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு அது தெரியும்.

“நல்ல உழைப்பாளி, சார்” என்றேன்.

நம் அலுவலகங்களில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். இயக்குநருக்கும் தெரிந்தது. அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தார். அருளப்பண்ணனுக்குச் சேவைக்கு நன்றி என்று நாலு வரிக் கடிதம் போயிற்று. அதைக் கையில் கொடுத்ததும் நான்தான். படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை எடுக்கும்போது விளிம்பில் கை படாமல் எடுக்கச் சொல்லி, பொதி கட்டும் ஆட்களுக்குப் பஞ்சு சுற்றிக் காட்டினார்.

அதன்பிறகு ஏழு வருடம் அவர் படகுகளில் எக்கோ சவுண்டரும் வயர்லெஸ் செட்டும் பழுதுபார்த்தார். ஒரே ஒரு முறை ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். அய்யாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் ஏதோ உதிரிப்பாகம் வாங்க வந்திருந்தார். நரைத்திருந்தது. பஸ் வரும்வரை என்னைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே பேசினார். அய்யாவைக் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார். “புது எடத்துல ரெண்டு கண்ணும் ஒரே லைன்லதான மாட்டிருக்கீக?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அது போதும் தாயி” என்றார். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கவில்லை. பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசைக்குத்தான் தங்கச்சிமடம் போனேன். கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்து, கூட்டம் கலைந்தபின் செல்வராணி மதினி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்ல வாயெடுக்குமுன் அவரே கேட்டார்.

“தாயி, அந்த ஐஸ் கம்பெனி விசயம்... அதக் கண்டுபுடிச்சது அவுகன்னு எப்பச் சொல்லுவீக?”

“ஒங்களுக்குத் தெரியுமா மதினி?”

“தெரியாமயா? அன்னைக்கு ஐஸ் ஏத்திட்டு நேரா வீட்டுக்கு வந்து, இங்கன நின்னு, எங்கிட்டச் சொல்லிட்டுத்தான ஒங்ககிட்ட வந்தாக. நம்ம வேலை போயிரும் போலிருக்கே செல்வராணின்னாக. அப்புறம் ஒங்க பேருல பேப்பர்ல வந்தப்ப நாந்தான் சண்ட போட்டேன். போயிக் கேளுங்கன்னேன். ‘கேட்டா அந்தப் பிள்ள சொல்லிரும். கேட்டு வாங்குனா அது ஒரு சொல்லா? அதுவாச் சொல்லட்டும்’னாக. ஏழு வருசமும் இதே பேச்சுத்தான்.”

அப்போதுதான் தொலைபேசியில் இயக்குநர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் மதினியிடம் சொன்னேன். ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். அவர் ஒன்றைத்தான் கேட்டார்.

“இது அவுகளுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“நல்லவேள” என்றார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. வரவேண்டிய கோபம்தான். “ஒரு வார்த்த தாயி. ஒரே வார்த்த. அம்பது வயசுல அந்த மனுசன் படகு படகா ஏறி எறங்குனாரே!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். கில்பர்ட் ஓடிவந்து அவரை உள்ளே கூட்டிப்போனான். யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் குறிப்பை வெளியிட்ட ஆய்விதழுக்கு எழுதினேன். பழைய குறிப்பில் பெயர் சேர்க்க வழியில்லை என்று பதில் வந்தது. இயக்குநர் ஓய்வுபெற்றுவிட்டார். அவருக்கும் எழுதினேன், பதில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், அவரை அறிந்த உங்களிடம்.

அவரிடமிருந்து என்னோடு தங்கியது என்ன என்று கேட்டால், இரண்டு சொல்வேன். என்னிடம் படிக்கிற பிள்ளைகள் அழகான படம் ஒன்றைக் கொண்டுவந்தால் முதலில் காலண்டரை எடுத்து வரச்சொல்கிறேன். இன்னொன்று, யாருக்காவது பரிந்துரை கேட்டு வந்தால், அந்த ஆள் எதைக் கண்டுபிடித்தார், என்றைக்கு, எப்படி என்று எழுதுகிறேன். நல்ல உழைப்பாளி என்று எழுத என் கை வருவதில்லை. இரண்டுமே இறந்துபோன மனுஷனுக்குப் பிரயோசனப்படாது.

இதை எழுதும்போது பத்துத் தடவையாவது எழுந்து நடந்திருப்பேன். கடைசி வரி வரவில்லை. அந்த அலையை உடைத்தவர் தங்கச்சிமடம் அருளப்பன். நானாகச் சொல்லட்டும் என்று ஏழு வருடம் காத்திருந்தார். நான் மதினி கேட்டபிறகுதான் சொல்கிறேன்.